நூல் பிடித்துச் சீனம் வரை!

"மா... மா... மா... மா..."

பயப்படாதீங்க ஃப்ரெண்ட்ஸ், மாட்டுத் தொழுவம் இல்லை. மேற்கு வங்காளம் சாந்திநிகேதனில், விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தின் சீன பவன். முதல் வருஷத்துப் பசங்க கோரஸாகக் கத்திக்கொண்டு இருந்தார்கள். சீன மொழியில் ஒரே 'மா'வுக்கு நாலு ராகம், நாலு அர்த்தம். ஒரே உயரத்தில் நீட்டினால் அம்மா. கேள்வி கேட்கிற மாதிரி மேலே தூக்கினால் சணல். இறக்கி ஏற்றினால் குதிரை. வெடுக்கென்று இறக்கினால் திட்டுவது!

"அம்மான்னு ஆசையா கூப்பிட நினைச்சு, குதிரைன்னு கூப்பிட்டுடுவோம். முதல் மாசம் முழுக்க எங்க அம்மா எனக்குக் குதிரைதான்!" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று சிரித்தாள் அக்கா. மூன்றாம் ஆண்டு பி.ஏ. சீன மொழி. என் பெரியப்பா பொண்ணு. என்னைவிட ஏழே மாசம்தான் பெரியவள். ஆனால், 'அக்கா'ன்னு கூப்பிடாவிட்டால் சாப்பாடு கிடையாது.

"வித்தியாசமா ஒரு படிப்பைப் பத்தி எழுதுப்பா" என்று ஆபீஸில் சொன்னதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இவள்தான். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் இவளுக்கு ஒரு பிரியாணி பாக்கி!

அட்டைப்பெட்டியில் ஆரம்பித்த கதை

எங்கள் சொந்த ஊர் காஞ்சிபுரம். பெரியப்பா பட்டு நெசவுக்காரர். தறிக்கு நூல் வரும் பெட்டிகளில் சில நேரம் சீன எழுத்து அச்சடித்திருக்கும். சீனாவில் இருந்து இறக்குமதியாகும் பட்டு நூல் நம் ஊர்த் தறிகளுக்குப் புதிதில்லை. ஆறாவது படிக்கும்போது அக்கா கேட்டாளாம், "இதுல என்னப்பா எழுதியிருக்கு?"

"யாருக்குத் தெரியும்? நூல் நல்லா இருந்தா சரி" என்றார் பெரியப்பா.

அந்தக் கேள்வியை அவள் விடவே இல்லை. 2023-ல் நாங்கள் ரெண்டு பேரும் பிளஸ் டூ முடித்தோம். ரெண்டு பேருக்கும் இன்ஜினீயரிங் சீட் கிடைத்தது. நான் சேர்ந்தேன். அவள், "எனக்கு வேண்டாம். நான் சீன பாஷை படிக்கப் போறேன்" என்றாள். வீட்டில் பூகம்பம்! அவள் யாருக்கும் சொல்லாமல் சி.யு.இ.டி. நுழைவுத் தேர்வும் எழுதி வைத்திருந்தாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பெரியப்பா திட்டவில்லை. அதுதான் பிரச்னையே. ஃபீஸ் கட்டினார். ரயில் டிக்கெட் எடுத்தார். ஆனால், ஒரு வருஷத்துக்கும் மேல் போனில் "சாப்பிட்டியா?" தவிர வேறு வார்த்தை பேசவில்லை. நான் என் பங்குக்கு, "ஆறு மாசத்துல பெட்டியோட காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கலைன்னா, உனக்கு ஒரு பிரியாணி" என்று பந்தயம் கட்டினேன்.

சென்னையில் இருந்து ஹவுரா, அங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டரில் போல்பூர். ஸ்டேஷனில் இறங்கி 'டோட்டோ' என்கிற பேட்டரி ரிக்‌ஷாவில் ஏறினால் செம்மண் ரோடு, மரத்தடி வகுப்புகள், சைக்கிள்கள்... ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் புதன்கிழமை லீவு! இந்த ஒரு காரணத்துக்காகவே பலரும் இங்கே சேரலாம் என்று தோன்றியது.

தாகூர் போட்ட விதை

"சீன பாஷை படிக்க சீனாவுக்குப் போகாம, பெங்காலுக்கு ஏன் வந்தே?" என்றேன்.

"இது என்ன சாதாரண இடமா?" என்று ஆரம்பித்தாள்.

1924-ல் ரவீந்திரநாத் தாகூர் சீனாவுக்குப் போனார். அங்கே பெய்ஜிங்கில் அவருடைய பிறந்த நாள் வந்தது. லியாங் சிச்சாவ் என்ற அறிஞர் அவருக்கு ஒரு சீனப் பெயரைப் பரிசாகக் கொடுத்தார். 'ஜூ ஜென்தான்'. 'ஜூ' என்பது இந்தியாவுக்கான பழைய சீனப் பெயரில் இருந்து வந்தது. 'ஜென்தான்' என்பது சீனாவைப் பழைய இந்தியர்கள் அழைத்த பெயரின் சீன வடிவம். ஒரே பெயரில் ரெண்டு நாடு!

மூன்று வருஷம் கழித்து, 1927-ல் சிங்கப்பூரில் தான் யுன்-ஷான் என்ற இளம் சீன ஆசிரியர் தாகூரைச் சந்தித்தார். அடுத்த வருஷமே சாந்திநிகேதன் வந்துவிட்டார். பிறகு பணம் திரட்டி, புத்தகம் திரட்டி, அலைந்து திரிந்து, 1937-ல் சீன பவன் திறக்கப்பட்டது. சுவர்களில் நந்தலால் போஸ், வினோத் பிஹாரி முகர்ஜி ஆகியோரின் ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. 1957-ல் சீனப் பிரதமர் சௌ என்-லாய் இங்கே வந்தார். ஐந்தே வருஷத்தில், 1962-ல் ரெண்டு நாட்டுக்கும் போர். அப்போதும் தான் யுன்-ஷான் சாந்திநிகேதனை விட்டுப் போகவில்லை. 1983-ல் புத்தகயாவில் இறந்தார்.

"சண்டை வரும், போகும். பாஷையைச் சொல்லித் தர்றவங்க இடத்தைக் காலி பண்ணக் கூடாதுன்னு அவரைப் பார்த்துத்தான் புரிஞ்சுது" என்றாள் அக்கா. கொஞ்சம் சீரியஸாகத்தான் சொன்னாள்.

இருபதுக்கு மூணு!

சரி, என்னதான் படிக்கிறார்கள்?

முதலில் 'பின்யின்'. சீன உச்சரிப்பை ரோமன் எழுத்தில் எழுதும் முறை. 1958-ல் சீனா அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. அதோடு நாலு ராகங்கள். அப்புறம் கோடுகள். எந்தக் கோடு முதலில், எது அடுத்தது என்று வரிசை உண்டு. இதற்கென்றே தனிக் கட்ட நோட்டு. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு கூட்டல் குறி. 'வயல்' என்ற சீன எழுத்தும் இதே வடிவம்தான். அதனால் அந்த நோட்டுக்கே 'வயல் கட்டம்' என்று பேர்!

"நம்மகிட்ட 247 எழுத்து. அதுக்கே ஒண்ணாம் கிளாஸ்ல அழுதோம். உங்களுக்கு எவ்வளவு?" என்றேன்.

"2013-ல சீன அரசு வெளியிட்ட பட்டியல்ல 8,105. ஆனா, முதல் நிலையில இருக்கிற 3,500 தெரிஞ்சா பேப்பர், புத்தகம் எல்லாம் படிக்கலாம்."

அவ்வளவுதானா! எனக்குத் தலை சுற்றியது.

முதல் டிக்டேஷனில் அக்கா வாங்கியது இருபதுக்கு மூணு. அன்றைக்கு ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். "நான் சொன்ன பஸ் ஸ்டாண்டு கண்ணு முன்னாடி வந்துச்சாம்." காப்பாற்றியது ஒரு சீனியர் அக்கா. "எழுத்தைப் படம் மாதிரி மனப்பாடம் பண்ணாதே. பிரிச்சுப் பாரு" என்றாராம்.

பிரித்தால்? மரத்துக்குப் பக்கத்தில் ஒரு மனிதன் நின்றால் 'ஓய்வு'. மூன்று மரம் சேர்ந்தால் 'காடு'. சூரியனும் நிலாவும் பக்கத்தில் வந்தால் 'வெளிச்சம்'. கூரைக்குக் கீழே பன்றி இருந்தால் 'வீடு'! ஆனால், எல்லாமே இப்படிப் படக்கதை இல்லை. பெரும்பாலான எழுத்துகளில் ஒரு பாதி அர்த்தத்தைக் காட்டும், மறு பாதி சத்தத்தைக் காட்டும். நாம் முதலில் பார்த்த 'மா' ஞாபகம் இருக்கிறதா? அம்மாவைக் குறிக்கும் எழுத்தில் இடது பக்கம் பெண், வலது பக்கம் குதிரை. குதிரை எதற்கு? வெறும் சத்தத்துக்கு! அக்கா அம்மாவைக் குதிரை ஆக்கியதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

அதற்குப் பிறகு தினமும் இருபது வார்த்தை. ஒவ்வொன்றும் ஒரு பக்கம். மூன்று வருஷத்தில் அவள் எழுதி முடித்த நோட்டுகளைக் கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறாள். என் மெக்கானிக்கல் டிராயிங் ஷீட்டைவிட அதிகம்.

எழுத்து மட்டும் இல்லை. தூரிகை, மை, காகிதம், மைக்கல் வைத்து அழகாக எழுதும் கலை, லி பாய், து ஃபு கவிதைகள், 1918-ல் லூ ஷுன் எழுதிய 'பைத்தியக்காரனின் நாட்குறிப்பு', நாலே எழுத்தில் ஒரு கதையை அடக்கும் பழமொழிகள்... நடுவில் வசந்த விழா, நிலாப் பண்டிகை. "இலக்கணம் பாதி, வாழ்க்கை பாதி. அந்த ஊர்ல எதுக்குச் சிரிப்பாங்க, எதுக்குச் சும்மா இருப்பாங்கன்னு தெரியாம வார்த்தையை மட்டும் வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

தமிழுக்கு இது ஈஸி!

அக்காவின் வகுப்புத் தோழிகளிடம் என்னை அறிமுகம் செய்தாள். "தாங் தி!"

என்ன திட்டுகிறாளோ என்று முழித்தேன். "இங்கிலீஷ்ல 'கஸின்'னு சொன்னா ஆணா, பெண்ணா, பெரியவனா, சின்னவனா, எந்தப் பக்கத்து உறவுன்னு ஒண்ணும் தெரியாது. 'தாங் தி'ன்னா அப்பா கூடப் பிறந்த ஆம்பளையோட பையன், எனக்குத் தம்பி முறைன்னு எல்லாமே வந்துடும்" என்றாள்.

நமக்கு இது தண்ணி பட்ட பாடு இல்லையா! சீனத்திலும் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைக்குத் தனித்தனி வார்த்தை. பெரியப்பா 'போபோ', சித்தப்பா 'ஷூஷூ'. தாய்மாமனுக்கு, அத்தைக்கு எல்லாம் தனிப் பெயர். 'அங்கிள்' என்று எல்லாரையும் ஒரே கூடையில் போடுகிற வேலை அங்கே கிடையாது.

இன்னொன்று. நாம் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு முழம் மல்லி, ஒரு கட்டுக் கீரை என்கிறோமே, சீனத்தில் எண்ணிச் சொல்லும்போது ஏறக்குறைய எல்லாப் பொருளுக்கும் இப்படி ஒரு அளவுச் சொல் வேண்டும். புத்தகத்துக்கு ஒன்று, காகிதம் மாதிரித் தட்டையானதற்கு ஒன்று, ஆறு, மீன், பேன்ட் மாதிரி நீளமானதற்கு ஒன்று! வினைச்சொல்லோ படு சுலபம். போனேன், போனாய், போனான் என்ற மாற்றமே கிடையாது. எல்லாருக்கும் ஒரே 'ச்சூ'தான்.

கஷ்டம் எங்கே? மூச்சை ஊதிச் சொல்லும் 'ப', ஊதாமல் சொல்லும் 'ப' என்று ரெண்டு உண்டு. இந்தி, வங்காளிப் பசங்களுக்கு அந்த மூச்சு பழக்கம். நமக்கு இல்லை. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக் காற்று வருகிறதா என்று அக்கா ஒரு மாசம் பார்த்தாளாம். ஆனால், நாக்கை மடித்துச் சொல்லும் ஒரு சத்தம், கிட்டத்தட்ட நம் 'ழ' மாதிரி, வகுப்பில் மற்றவர்கள் தடுமாற, அக்கா ஒரே தடவையில் சொல்லிவிட்டாள். தமிழ் வாழ்க!

போன் இருக்கே, அப்புறம் நீ எதுக்கு?

நாலு பேர் கேட்கிற கேள்வியை நானும் கேட்டேன். "போன்ல காட்டினா ஒரு நொடியில மொழிபெயர்த்துடுது. ஏ.ஐ. வேற வந்தாச்சு. அஞ்சு வருஷம் கழிச்சு உன் வேலை இருக்குமா?"

அவள் கோபப்படவில்லை. "யென்ஜியு யென்ஜியு" என்றாள். "போன்ல போட்டுப் பாரு."

போட்டேன். 'ஆராய்வோம்' என்று வந்தது.

"ஒரு பிசினஸ் மீட்டிங்ல சீனாக்காரர் இப்படிச் சொன்னா, பல நேரம் 'முடியாது'ன்னு அர்த்தம். நம்ம ஊர்ல கடன் கேட்டவன்கிட்ட 'பார்க்கலாம்'னு சொல்றோமே, அதேதான். போன் சொல்றதை நம்பி நீ அடுத்த வாரம் வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பே."

அது சரி! ஆனால், பயம் சுத்தமாக இல்லை என்றும் அவள் சொல்லவில்லை. "சாதாரண மெயில், மெஷின் மேனுவல் எல்லாம் மெஷினே பண்ணிடும். அதனால அரைகுறையா படிச்சவங்களுக்கு இனிமே வேலை கஷ்டம். நல்லா படிச்சாகணும். வேற வழியில்ல" என்றாள். "பயமா இருக்கா?" என்றேன். "தினமும்" என்றாள்.

எதிரி பாஷையா?

2020 ஜூன் 15. கல்வான் மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அந்த மாசக் கடைசியில் டிக்டாக் உட்படப் பல சீன ஆப்களுக்குத் தடை. ஜூலையில் வந்த புதிய கல்விக் கொள்கையில், பள்ளியில் படிக்கலாம் என்று உதாரணம் காட்டிய வெளிநாட்டு மொழிகளில் சீனம் இல்லை. 2019-ல் வந்த வரைவில் இருந்த பெயர் அது! கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய கதவை, வெளிநாட்டு மாணவர்களுக்கு 2022 ஆகஸ்டில்தான் சீனா திறந்தது. ரெண்டு நாட்டுக்கும் நடுவே நின்றுபோயிருந்த நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில்தான் திரும்ப ஓடத் தொடங்கின.

இத்தனைக்கும் நடுவில், 2023-ல் இவள் போய்ச் சேர்ந்தால் தெருவில் என்ன சொல்வார்கள்? "எதிரி நாட்டுப் பாஷையைப் போய்ப் படிக்கிறாளே" என்றுதான். பெரியப்பா காதில் விழுகிற மாதிரியே சொன்னார்கள்.

"எனக்கும் அந்த இருபது பேரை நினைச்சா வலிக்கும். ஆனா, பக்கத்து வீட்டுக்காரரோட சண்டைன்னா, அவர் என்ன பேசறார்னு தெரிஞ்சுக்க நம்ம வீட்டுல ஒருத்தர் வேணாமா? அவங்க பேப்பர்ல என்ன எழுதறாங்கன்னு நாம இங்கிலீஷ்காரங்க மொழிபெயர்த்து வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா?" என்று கேட்கிறாள் அக்கா. "சண்டை இருந்தாலும் தேவை, சமாதானம் வந்தாலும் தேவை. இந்தப் படிப்புக்கு மார்க்கெட் ஏறும், இறங்கும். தேவை இறங்காது."

இந்தப் பதிலுக்கு என்னிடம் மறுபதில் இல்லை.

பாவு, ஊடை... புத்தகம்!

கடைசியாக, பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். 2024 பூஜை லீவு. அக்கா ஊருக்கு வந்திருந்தாள். தறிக்குப் பக்கத்தில் நூல் வந்த அட்டைப்பெட்டி. நானும் அங்கேதான் இருந்தேன். பெரியப்பா பெட்டியைக் காலால் தள்ளி, "என்ன எழுதியிருக்குன்னு இப்பவாவது தெரியுமா?" என்றார். ஒரு வருஷத்துக்கு அப்புறம் கேட்ட முதல் முழு வாக்கியம்!

அக்கா குனிந்து படித்தாள். "ஈரம் படாமல் வைக்கவும்."

பெரியப்பா அவளைப் பார்த்தார். "இதுக்கா அவ்வளவு தூரம் போனே?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, அந்த அட்டையிலேயே ஒரு எழுத்தை எழுதினாள். 'ஜிங்'.

"இடது பக்கம் இருக்கிற குறி பட்டு நூல்ப்பா. சிவப்பு, பச்சை, நெசவு, காகிதம், எல்லா எழுத்துலயும் இது இருக்கு. இந்த எழுத்துக்கு முதல் அர்த்தம், தறியில நீளவாக்குல ஓடுற நூல்."

"பாவு" என்றார் பெரியப்பா, உடனே.

"ஆமா. அப்புறம் இதே எழுத்துக்குப் பெரிய புத்தகம், புனித நூல்னு அர்த்தம் வந்துச்சு. புத்தரோட சூத்திரங்களைச் சீனத்துக்குக் கொண்டுபோனப்போ இந்த எழுத்தைத்தான் வெச்சாங்க. சம்ஸ்கிருதத்துல சூத்திரம்னாலும் நூல்தான். ஊடைக்கும் ஒரு எழுத்து இருக்கு. பூமி உருண்டையில தீர்க்க ரேகை பாவு, அட்ச ரேகை ஊடை!"

பெரியப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. கை மட்டும் பாவு மேல் போய் வந்துகொண்டு இருந்தது. அப்புறம் மெதுவாக, "நம்மகிட்டயும் நூல்னா ரெண்டும்தானே" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்துத் தறிக்காரரைக் கூப்பிட்டு அந்த அட்டையைக் காட்டினார். "எதிரி பாஷை" என்று சொன்ன அதே ஆள்தான்!

போன செமஸ்டரில் அக்கா நூலகத்தில் இருந்து ஒரு பக்கத்தை நகல் எடுத்து அனுப்பினாள். கி.பி. 640 வாக்கில் தெற்கே வந்த யுவான் சுவாங்கின் பயணக் குறிப்பு. அவர் நம் நாட்டுப் பகுதியை 'தாலுவோபீத்து' என்கிறார். திராவிடம்! தலைநகர் 'ஜியென்ஜிபுலுவோ'. காஞ்சிபுரம்! இலங்கைக்குப் போக நினைத்தவர், அங்கே அரசர் இறந்து பஞ்சம் என்று கேள்விப்பட்டு இங்கிருந்தே திரும்பிவிட்டார். தன் ஊர்ப் பெயருக்குக் கீழே அக்கா சிவப்புக் கோடு போட்டிருந்தாள். பெரியப்பா அந்தத் தாளை லேமினேட் செய்து கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

இப்போது, சீனாவில் ஒரு வருஷம் மொழி படிக்க உதவித்தொகைக்கு அக்கா விண்ணப்பித்திருக்கிறாள். கிடைக்குமா, தெரியாது. ரெண்டு நாட்டு உறவு அதுவரை இப்படியே இருக்குமா, அதுவும் தெரியாது. நான் கிளம்பும் அன்று காலையில் பெரியப்பாவுக்குப் போன் போட்டோம். நான்ஜிங் நகரத்துப் பட்டுத் தறியில் ஒருத்தர் மேலே, ஒருத்தர் கீழே என்று ரெண்டு பேர் உட்கார்ந்து நெய்வார்கள் என்று அக்கா சொன்னாள்.

"நம்ம கோர்வைக்கும் ரெண்டு பேர்தானே வேணும்" என்றார் பெரியப்பா. கொஞ்சம் இடைவெளி. "போனா, அந்தத் தறியை நல்லா பார்த்துட்டு வா. போட்டோ எடுக்க விட்டா எடு. சாப்பிட்டியா?"

போல்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கடையில் பிரியாணி வாங்கிக் கொடுத்துப் பந்தயக் கடனை அடைத்தேன். உள்ளே உருளைக்கிழங்கு இருந்தது. வங்காளத்தில் அப்படித்தானாம். அதையும் அவளே சாப்பிட்டுவிட்டாள்!

நீங்களும் ரெடியா?

* சீன மொழியில் இளங்கலை படிக்க சாந்திநிகேதன் விஸ்வபாரதி, டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் ரெண்டும் பேர்பெற்ற இடங்கள். சேர்க்கை விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறலாம். அந்தந்த வருஷ அறிவிப்பைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

* உலகம் முழுக்க ஏற்கப்படும் தேர்வு ஹெச்.எஸ்.கே. 2010-ல் வந்த ஆறு நிலைத் திட்டப்படி முதல் நிலைக்கு 150 வார்த்தை, நாலாம் நிலைக்கு 1,200, ஆறாம் நிலைக்கு 5,000. 2021-ல் ஒன்பது நிலை கொண்ட புதிய வரையறை வெளியானது. எந்தத் திட்டப்படி தேர்வு என்று கேட்டுக்கொண்டு படியுங்கள்.

* மொழிபெயர்ப்பு, கம்பெனிகளில் துபாஷி வேலை, ஆசிரியர், ஆராய்ச்சி, பத்திரிகை, சுற்றுலா எனப் பல வழிகள் உண்டு. கூடவே ஒரு துறை அறிவும் இருந்தால் பலம். என்னை மாதிரி இன்ஜினீயரிங் பசங்க சாயங்கால வகுப்பில் சேர்ந்து பார்க்கலாம்.

* போனில் டைப் செய்து மட்டும் பழகாதீர்கள். சீனாக்காரர்களே பேனாவை எடுத்தால் எழுத்து மறந்துபோகிறது என்று புலம்புகிறார்கள். அதற்கும் நாலெழுத்துப் பழமொழி இருக்கிறது! கையால் எழுதுங்கள்.

* முதல் டிக்டேஷனில் மூணு மார்க் வந்தால், பஸ் ஸ்டாண்டுக்குப் போகாதீர்கள். எழுத்தைப் பிரித்துப் பாருங்கள்!